கொடுத்தவளின் வீடு

பழஞ்சமயச் சடங்குகளில் மனத்தை மாற்றும் செடிகளும் காளான்களும் வகித்த இடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பொருளைப் பற்றியே பேசுகிறார்கள். அதைக் கையில் எடுத்துக் கொடுத்த பெண் அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறாள். எனக்கு அந்த அடிக்குறிப்பில்தான் கேள்வி இருக்கிறது.

மெக்சிகோவின் வஹாகா மாநிலத்து மலையூர் வாவுட்லா. மாசடெக் பழங்குடிப் பெண்ணான மரியா சபினா அங்கே நோயாளிகளுக்காக இரவுச் சடங்கு நடத்திவந்தார். காளான்களை ‘புனிதக் குழந்தைகள்’ என்றார். ஸ்பானியர் வருமுன்பே அந்நிலத்தில் இருந்த வழக்கம் அது; திருச்சபையின் ஒடுக்குதலுக்குப் பின் மறைவாகத் தொடர்ந்தது. 1955இல் நியூயார்க் வங்கியாளர் கார்டன் வாசன் வந்தார். தொலைவிலிருக்கும் மகனின் நலம் அறிய வேண்டும் என்றார். உள்ளூர் அதிகாரி சொல்லி அனுப்பியதால் மறுக்க முடியவில்லை என்று மரியா பின்னாளில் சொன்னார்.

1957இல் ‘லைஃப்’ இதழில் வாசனின் கட்டுரை வந்தது. மரியாவின் பெயரை மாற்றியிருந்தார்கள். ஆனாலும் கூட்டம் தேடி வந்தது. 1958இல் ஆல்பர்ட் ஹாஃப்மன் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். நோய் தீர்க்க உண்டதை வந்தவர்கள் அனுபவத்துக்காக உண்டார்கள். ஊர் கொதித்தது. மரியாவின் வீடு எரிக்கப்பட்டது.

அவர் சம்மதித்தார்தானே என்று கேட்கலாம். அதிகாரியின் சொல்லோடு வருகிற விருந்தாளியிடம் ஓர் ஏழைக் கைம்பெண் சொல்லும் ‘சரி’யைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. மனச்சோர்வுக்கு மருந்தாகுமா என்று இன்று சைலோசைபினை ஆராய்கிறார்கள். அது பலருக்கு உதவட்டும். அந்த நன்மை உண்மையானாலும், பெற்ற விதத்தை அது நியாயமாக்கிவிடாது. ஊராரின் இழப்பும் உண்மை. ஆனால் அவர்களின் கோபம் வங்கியாளரை எட்டவில்லை. கைக்கெட்டிய தூரத்திலிருந்த பெண்ணின் கூரையை எட்டியது. பழிக்கு எப்போதும் பக்கத்து வீட்டுப் பெண் போதுமானவள்.

கவிதை எழுதுகிறவளாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மரியா, தன் தரிசனத்தில் ஒரு நூல் தரப்பட்டதாகவும் அதை வாசித்ததாகவும் சொன்னார். அவருடைய பாடல்கள் தன்னை ‘பெண்’ என்று மீண்டும் மீண்டும் அறிவிப்பவை. அதே காளானை உண்ட எத்தனையோ பேருக்கு அந்தச் சொற்கள் வரவில்லை. வேதிப்பொருளைப் பிரித்தெடுக்க முடிந்தது. நோயாளியின் அருகில் விழித்திருந்த இரவுகளையும் மாசடெக் மொழியையும் பிரித்தெடுக்க முடியவில்லை. அறிவு என்று நான் சொல்வது அந்த மிச்சத்தைத்தான்.

1985இல் அவர் வறுமையில் இறந்தார். இனி இத்தகைய ‘கண்டுபிடிப்பு’களைப் படிக்கும்போது, யார் கண்டுபிடித்தார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள் தோழிகளே. யாரிடமிருந்து, எப்படிக் கேட்டு வாங்கினார்கள் என்றும் கேளுங்கள்.