ஆற அமர

கண்கூசச் சுடர்விடும் விண்மீன் எங்கே பிறக்கிறது? கடுங்குளிரில்.

ஆனி, ஆடி மாதங்களின் முன்னிரவில் தெற்கு வானில் தேள்போல வளைந்து விருச்சிகம் தெரியும். அதற்குப் பக்கத்தில், ஏறத்தாழ 500 ஒளியாண்டு தொலைவில், 'பர்னார்டு 68' என்ற சிறு மேகம் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு எட்டாது. தொலைநோக்கிப் படத்தில் பார்த்தால், விண்மீன்கள் இறைந்து கிடக்கும் இடத்தில் ஒரு சொட்டு மை விழுந்ததுபோல் இருக்கும். இத்தகைய கரிய திட்டுகளை 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் வானத்தில் விழுந்த துளைகள் என்றே எண்ணினார். சிலி நாட்டுத் தொலைநோக்கிகள் அகச்சிவப்பு ஒளியில் இந்த மேகத்தை ஊடுருவிப் பார்த்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. துளை என்று தோன்றிய இடத்தில் சூரியனைப் போல் இரு மடங்கு எடையுள்ள வாயுவும் தூசியும் நிறைந்திருந்தன.

பால் பொங்கி வரும்போது அடுப்பைத் தணித்தால் அது தானாகக் கீழே இறங்கிவிடும். விண்வெளி வாயுவும் அப்படித்தான். சூடு இருக்கும்வரை அது விரிந்து பரவவே பார்க்கும். ஈர்ப்பு விசையால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் மேகத்திலுள்ள தூசி வெளி ஒளியை மறைத்து உள்ளே நிழல் தருகிறது. அந்த நிழலில், தூசித் துகள்களின் மேல் ஒட்டிய ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து மூலக்கூறுகளாகின்றன. மிச்சமிருக்கும் வெப்பத்தைக் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் ரேடியோ அலைகளாக வெளியே அனுப்பிவிடுகின்றன. வெப்பநிலை மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது. இனி ஈர்ப்பின் கை ஓங்கும். நடுப்பகுதி சுருங்கும், சுருங்கச் சுருங்க அழுத்தம் கூடிச் சூடேறும். மையம் ஒரு கோடி டிகிரியைத் தொடும்போது ஹைட்ரஜன் ஹீலியமாக இணைந்து எரியத் தொடங்கும். சூரியன் அளவுள்ள ஒரு விண்மீன் சீராக எரியும் நிலைக்கு வந்துசேர ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகும்.

பர்னார்டு 68இல் இன்னும் விண்மீன் பிறக்கவில்லை. அடுத்த 2 லட்சம் ஆண்டுகளுக்குள் அது சுருங்கி ஒரு விண்மீனைத் தரும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

'ஆற அமர யோசி' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். முதலில் ஆற வேண்டும், பிறகு அமர வேண்டும். மேகமும் இதே வரிசையில்தான் விண்மீன் ஆகிறது. மனம் கொதிக்கும்போது நம் எண்ணங்கள் நாலா பக்கமும் சிதறுகின்றன. அந்த நேரத்தில் பேசும் சொல்லும் எடுக்கும் முடிவும் நிலைப்பதில்லை.

இன்று யாருக்காவது சுடச்சுடப் பதில் அனுப்பக் கை பரபரத்தால், ஓர் இரவு அதை அப்படியே வைத்திருங்கள். உங்களுக்குள் எரிய வேண்டிய சுடர் எதுவும் அதனால் அணைந்துவிடாது.