நாய்க்கு என்ன வேலை?

'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்று ஒரு பழமொழி. சும்மா திரிகிற பிள்ளைகளைத் திட்டுவதற்கு நம் வீடுகளில் இதைவிட வசதியான வசனம் கிடையாது. பி.காம். முடித்துவிட்டு நான் வேலை தேடிக்கொண்டிருந்த ஒன்றரை வருடத்தில், அப்பா இதைச் சொல்லாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த வாரம் வேலை பார்க்கிற ஒரு நாயைப் பற்றிப் பேசலாம். விசேஷம் என்னவென்றால், பக்கத்தில் நின்று பார்த்தாலும் அது வேலை பார்ப்பது தெரியாது.

ஆட்டு மந்தையை ஓடி ஓடி வளைக்கிற நாயை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். எஜமானர் விசில் அடித்தால் இடது பக்கம் பாயும், இன்னொரு விசிலுக்கு அப்படியே தரையோடு படுக்கும். கைதட்டத் தோன்றும். அது மேய்ப்பு நாய். நான் சொல்வது காவல் நாய். இத்தாலியின் மரெம்மா, துருக்கியின் அனடோலியன் போன்ற பெரிய உருவங்கள். குட்டியாக இருக்கும்போதே ஆட்டுப் பட்டியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஆடுகளின் வாசனையிலும் கதகதப்பிலும் வளர்கிற குட்டிக்கு அவைதான் சொந்தபந்தம். கோழிப் பண்ணை என்றால் இன்னும் பொறுமை வேண்டும். விளையாட்டு வயதில் கோழியைத் துரத்தும், சில சமயம் கொன்றுகூட விடும். நம்பி விட்டுவிட்டு வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும்.

வளர்ந்த பிறகு என்ன செய்கிறது? பகலில் மரத்தடியில் படுத்துத் தூங்குகிறது. ராத்திரியில் வேலியோரமாக நடக்கிறது. அங்கங்கே காலைத் தூக்கி 'இது என் ஏரியா' என்று எழுதி வைக்கிறது. இருட்டில் ஏதாவது அசைந்தால் குரைக்கிறது. பெரும்பாலும் அவ்வளவுதான். சண்டை என்பது அபூர்வம். நரிக்கும் ஓநாய்க்கும் கணக்குத் தெரியும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகக் கடிபட்டு நொண்டியாக அவை தயாரில்லை. 'இங்கே ஆள் இருக்கிறது' என்று தெரிந்தால் வேறு பக்கம் போய்விடும்.

அதாவது, இந்த நாய் நன்றாக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது.

இங்கேதான் என்னைப் போன்ற பி.காம்.காரனுக்குச் சிக்கல். பண்ணையின் கணக்கை எழுதுங்கள். நாய்க்குத் தீனி, பற்று. ஊசி, மருந்து, பற்று. வரவுப் பக்கத்தில்? நரி தூக்காத கோழிக்கு யார் வவுச்சர் கொடுப்பார்கள்? நடந்ததைத்தான் எழுத முடியும், நடக்காததற்கு லெட்ஜரில் பக்கம் கிடையாது. மூன்று வருடம் தொடர்ந்து ஒன்றும் நடக்கவில்லை என்றால், எந்த ஆடிட்டருக்கும் ஒரு சந்தேகம் வரும்: 'நரியே இல்லாத ஊரில் நாய் எதற்கு?'

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் வார்னம்பூல் என்று ஒரு கடற்கரை ஊர். கரையை ஒட்டி மிடில் ஐலண்ட் என்ற குட்டித் தீவு. உலகத்திலேயே சிறிய பென்குயின் இனம் அங்கே கூடு கட்டுகிறது. சுமார் ஓர் அடி உயரம், ஒரு கிலோ எடை. தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையிலிருந்து தீவுக்கு நடந்தே போய்விடலாம். மனிதர்கள் போகலாம் என்றால் நரியும் போகலாம் இல்லையா? போனது. ஆஸ்திரேலியாவுக்கு நரியே கிடையாது, வெள்ளைக்காரர்கள் வேட்டை விளையாட்டுக்காகக் கப்பலில் கொண்டுவந்து விட்டது அது. நூற்றுக்கணக்கில் இருந்த பென்குயின்கள் 2005-ல் பத்துக்கும் கீழே வந்துவிட்டன.

அந்த ஊரில் ஆலன் மார்ஷ் என்று ஒரு கோழிப் பண்ணைக்காரர். திறந்தவெளியில் மேய்கிற தன் கோழிகளுக்கு மரெம்மா நாய்களைக் காவல் வைத்திருந்தார். 'கோழியைக் காக்கிற நாய் பென்குயினைக் காக்காதா? அதுவும் ஒரு பறவைதானே' என்ற யோசனை அந்தப் பண்ணையிலிருந்து வந்ததுதான். 2006-ல் ஆட்பால் என்ற நாயைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குப் பின் வேறு மரெம்மாக்கள் வந்தன. நரித் தொல்லை நின்றது. பென்குயின்கள் மறுபடி நூறைத் தாண்டின. 2015-ல் ஆட்பாலைப் பற்றி சினிமாவே எடுத்துவிட்டார்கள்.

பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் தீவுக்குப் போன ஒருவர் பார்த்திருக்கக்கூடியது, புல்லில் படுத்துக் கொட்டாவி விடுகிற ஒரு வெள்ளை நாயைத்தான்.

2017-ல் கடல் கொந்தளித்ததால் நாய்களைத் தீவுக்கு அழைத்துப் போக முடியாமல் போனது. அந்த இடைவெளியில் நரி புகுந்தது. சுமார் 140 பென்குயின்கள் செத்துக் கிடந்தன. நரி தின்கிற அளவோடு நிறுத்துகிற பிராணி இல்லை. ஓடத் தெரியாத பறவைகள் கூட்டமாகக் கிடைத்தால், கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் போடும்.

வவுச்சர் வந்துவிட்டது. 140.

'இதெல்லாம் இன்ஷூரன்ஸ் மாதிரிதானே சார்?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், இன்ஷூரன்ஸ் நஷ்டம் நடந்த பிறகு பணம் தரும். காவல் நஷ்டத்தை நடக்கவே விடாது. அதோடு, யாரைக் காக்கிறது என்பதும் நாம் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். நமீபியாவைப் பாருங்கள். 2022-ல் குனோ காட்டுக்கு எட்டு சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கினவே, அதே நாடு. அங்கே ஆடு, கன்றுகளைத் தூக்குகிறது என்று பண்ணையாளர்கள் சிவிங்கிப்புலிகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். லாரி மார்க்கர் என்ற பெண்மணி 1990-ல் சிவிங்கிப்புலிகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1994 முதல் அந்த அமைப்பு பண்ணையாளர்களுக்கு அனடோலியன் நாய்களைக் கொடுக்கிறது. ஆடு பிழைத்தது. ஆடு பிழைத்ததால் பண்ணையாளர் துப்பாக்கியை எடுக்கவில்லை. அதனால் சிவிங்கிப்புலியும் பிழைத்தது. தன்னைக் கண்டு குரைக்கிற நாயால்தான் தன் உயிர் தங்கியது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இவ்வளவு தூரம் நாய்க்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் நான் அந்த ஆடிட்டராக இருந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். எங்களுக்கு ஒரு நைட் வாட்ச்மேன். அறுபதைத் தாண்டிய பெரியவர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டார்ச், ஒரு மஃப்ளர். ராத்திரி இரண்டு மணிக்கு யார் பார்த்தாலும் உட்கார்ந்தே இருப்பார். சங்கக் கூட்டத்தில் நான் ஒரு பேப்பரை வாசித்தேன். மாதம் 7,000 ரூபாய் வீதம் ஆறு வருடத்தில் 5,04,000 ரூபாய். அந்த ஆறு வருடத்தில் பிடிபட்ட திருடர்கள், பூஜ்யம். அதற்குப் பதில் ஒரு கேமரா, கேட்டுக்கு நல்ல பூட்டு, வீட்டுக்கு ஒரு சாவி. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார். பெரியவர் ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான்காவது மாதம், ஒரு விடியற்காலையில் இரண்டாவது மாடிப் பாட்டியைக் காணவில்லை. நினைவு தடுமாறுகிறவர். ஆறரை மணிக்கு, இரண்டு ஸ்டாப் தள்ளி மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தோம். ஒரு காலில் செருப்பில்லை, ரத்தம் உறைந்திருந்தது. திண்டிவனம் பஸ்ஸுக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். விடிய விடிய லாரி ஓடுகிற சாலை அது. கேமராவைப் போட்டுப் பார்த்தோம். 2.40-க்குப் பாட்டி வருகிறார், ஆணியில் தொங்கிய சாவியை ஞாபகமாக எடுத்து வந்திருக்கிறார், கேட்டைத் திறக்கிறார், போகிறார். படம் தெளிவாக இருந்தது.

பெரியவரைத் தேடிப் போனேன். வேறோர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய், "அம்மா நல்லா இருக்காங்களா?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வாரத்துல ரெண்டு நாள் எறங்கி வந்துடுவாங்க சார். ஊருக்குப் போகணும்பாங்க. கடைசி பஸ் போயிடுச்சும்மா, விடிஞ்சதும் நானே ஏத்தி விடறேன்னு சொல்லி உட்கார வெச்சுப் பேசிட்டிருப்பேன். அப்புறம் மாடில கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா ராத்திரில ரூமைப் பூட்டிடுவாங்களே சார்..."

அவர் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால், ஆறு வருடத்தில் 'ராத்திரியெல்லாம் என்ன செய்யறீங்க?' என்று நான் ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும் இல்லையா?

சரி, இதைக் கேட்டுவிட்டு உலகத்தில் தூங்குகிற வாட்ச்மேன்கள் எல்லோருமே மகான்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நிஜமாகவே தூங்குகிறவர்களும் உண்டு. நிஜமாகவே சோம்பேறி நாய்களும் உண்டு. அதுதான் இதில் இருக்கிற கஷ்டமான கேள்வி. ஒன்றும் நடக்காத ராத்திரியில், காவல் காத்தவரையும் தூங்கியவரையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பலனை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ரேமண்ட் காப்பிங்கர், லார்னா காப்பிங்கர் என்று ஓர் அமெரிக்கத் தம்பதி காவல் நாய்களைப் பல வருடம் ஆராய்ந்தவர்கள். நல்ல காவல் நாய்க்கு அவர்கள் மூன்று லட்சணங்கள் சொன்னார்கள். ஒன்று, தன் மந்தைக்குத் தீங்கு செய்யாது. இரண்டு, அதன் கவனம் மந்தையை விட்டு அகலாது. மூன்று, ஆபத்து வந்தால் காக்கும். இதில் இரண்டாவதைக் கவனியுங்கள். மூன்றாவதைப் பார்க்க நரி வரவேண்டும். இரண்டாவதைப் பார்க்க நரி தேவையில்லை. ஆடுகள் எழுந்து வேறு மேய்ச்சலுக்கு நகரும்போது, தூங்குவது போலப் படுத்திருக்கிற நாய் தானும் எழுந்து பின்னால் போகிறதா? அவ்வளவுதான் பரீட்சை. ஆனால், அதைப் பார்க்க பண்ணைக்காரர் வயலில் போய் நிற்க வேண்டும். ஆபீஸ் அறையில் லெட்ஜரைப் புரட்டினால் தெரியாது.

கவனிக்கிறவரை நாம் கவனித்தால்தான் அவர் அருமை தெரியும். கணக்கில் தெரிகிறவரை காத்திருந்தால், தெரியும்போது எண்ணிக்கை 140 ஆகியிருக்கும்.

நாய்க்கு நம் நன்றி தேவையில்லை. அது தன் ஆடுகளோடு இருக்கிறது, அதற்கு அது போதும். மனிதர்கள் அப்படியில்லை. 'நீ என்ன பெரிசா கிழிச்சே?' என்று இரண்டு தடவை கேட்டால் மஃப்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் பெரியவரைக் கூடுதல் சம்பளத்துக்குத் திரும்பக் கூப்பிட்டோம். "இங்க சேர்ந்துட்டேனே சார்" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். நாள் முழுக்க என்னதான் செய்கிறாரோ என்று நீங்கள் நினைக்கிற ஒருவர். அவரைக் கணக்கெடுக்கிற உத்தேசம் இருந்தால், பேப்பரையும் கால்குலேட்டரையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஒரே ஒரு ராத்திரி அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள்.