சொல்லிவிட்டு விலகுதல்

எந்தத் துறையில் படிப்பது, படித்து முடித்து எந்த வேலைக்குப் போவது என்று கல்லூரி ஆலோசகரிடம் கேட்கப் போகிறவர், விதியையும் நம்பலாமா? மலேசியாவின் கெடா மாநிலத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. தேர்வு நல்லபடியாக முடிந்தால் சுங்கைப் பட்டாணி சுப்பிரமணியர் கோயிலில் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொள்ளும் வீட்டிலேயே, கேட்ட படிப்பு கிடைக்காதபோது "தலையில எழுதினது அவ்வளவுதான்" என்றும் சொல்லிவிடுவார்கள். நேர்ச்சையில் குறை காண ஒன்றுமில்லை. பின்னால் வரும் அந்தப் பேச்சைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பீடோங், லுனாஸ், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவியவரின் மகனும் பால்மரம்தான் சீவினான். விடியுமுன் பெரட்டில் நின்று, கிராணி பெயர் கூப்பிட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு தன் நிரைக்கு நடந்தான். இது விதி போலவே தோன்றியது. ஆனால் வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோ ஆறாம் ஆண்டோடு முடிந்தது. வீடு போகாமலிருக்க ஒரு பிள்ளையாவது கத்தியைப் பிடிக்க வேண்டியிருந்தது. இதை எழுதியவன் பிரமன் அல்லன், நிர்வாகம். இன்று மலேசிய இந்தியர் காங்கிரசின் (மஇகா) கல்வி அமைப்பு 2001இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் செமிலிங்கில் நிற்கிறது; 1984இல் நிறுவப்பட்ட வடமலேசியப் பல்கலைக்கழகம் சிந்தோக்கில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது வேறு, கைக்கு எட்டுவது வேறு. மெட்ரிகுலேசனா, எஸ்டிபிஎம்மா, டிப்ளோமாவா, அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது, பிடிபிடிஎன் கல்விக் கடனை எப்படித் திருப்பிக் கட்டுவது என்று யாரும் சொல்லாததால் தவறிப்போன இடத்தை ஊழின் கணக்கில் எழுதுவது பொய்க்கணக்கு. ஆலோசனை ஊழை மறுப்பதில்லை. ஊழ் அல்லாததை அதிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

பக்தியும் இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் முருகனை முன்வைத்துக்கொண்டே வாரயிறுதி வகுப்பு நடத்தி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் நோக்கித் திருப்பியது.

சுயதர்மத்தைச் சொல்லி மறுப்பவர்கள் உண்டு: அவரவர் தொழில் அவரவர்க்கு என்று கீதையே சொல்கிறதே என்பார்கள். பிறப்பே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதென்றால் அர்ஜுனனுக்குப் பதினெட்டு அத்தியாயம் எதற்கு? எல்லாம் சொன்னபின், நன்றாக யோசித்து உன் விருப்பப்படி செய் என்கிறான் கண்ணன். அடுத்த சில சுலோகங்களிலேயே தன்னைச் சரணடையச் சொல்வதும் உண்மைதான்; அவனும் ஒரு பக்கம் சாய்ந்தவனே. ஆனாலும் முடிவை அர்ஜுனன் வாயால்தான் சொல்ல வைத்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஆலோசகரே புதிய கங்காணி ஆகிவிட்டால்? பேரங்காடிக் கல்விக் கண்காட்சியில் மேசை போட்டு உட்காரும் தனியார் கல்லூரி "ஆலோசகர்" பலருக்கும் இடத்தை நிரப்புவதுதான் வேலை. கங்காணியும் அன்று தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும்போது இனிக்க இனிக்கத்தான் பேசியிருப்பார். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் பதிவு பெற்றவர் மட்டுமே அப்பெயரில் தொழில் செய்யலாம் என்கிறது. ஆனால் விற்பனை மேசையில் உட்கார வேறொரு பதவிப் பெயர் போதும். ஆகவே, தன் கல்லூரியில் இல்லாத படிப்பையும், கட்டணம் குறைந்த அரசாங்கப் போலிடெக்னிக்கையும் அவர் வாய்விட்டுச் சொல்கிறாரா என்று மாணவர் கவனிக்க வேண்டும். அந்தப் பேச்சு வராத இடத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வருவதும் சுயதர்மம்தான்.