திருப்பி அடி என்று சொல்லும் முன்

பள்ளிக்கூடத்தில் ஒருவன் தினமும் சீண்டுகிறான் என்று பிள்ளை வந்து சொன்னால் நம் வீடுகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, ‘கண்டுக்காம விடு, தானா அடங்கிடுவான்.’ இன்னொன்று, ‘கையில என்ன வளையலா போட்டிருக்க? திருப்பி ரெண்டு போடு.’ முதல் பதிலை இன்று யாரும் பெரிதாக நம்புவதில்லை. இரண்டாவதற்குத்தான் கவர்ச்சி அதிகம். அதில் மானம் இருக்கிறது, கையோடு தீர்வும் இருக்கிறது. இடைவேளைக்கு முன் அடி வாங்கிய நாயகன் இடைவேளைக்குப் பின் கொடுத்தே தீர வேண்டும் என்று நம் சினிமா ஊட்டி வளர்த்த நியாயமும் சேர்ந்துகொள்கிறது. என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே விழுந்து அடிப்பவனின் கையைத் தடுக்கவும், தள்ளிவிட்டு ஓடவும், வேறு வழியே இல்லாதபோது ஓங்கி ஒன்று கொடுக்கவும் எந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு. அதற்காக அந்தப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது. ஆனால் மாதக்கணக்கில் நடக்கும் கொடுமைக்கு அதுவே மருந்து என்று பெரியவர்கள் எழுதிக் கொடுப்பது, தங்கள் வேலையை ஒரு குழந்தையின் தலையில் கட்டுவதுதான்.

இந்தக் கொடுமையை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் டான் ஓல்வேயஸ். நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய உளவியலாளர். 1982இன் இறுதியில் அந்நாட்டின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணம் என்று கருதப்பட்டதால், மறு ஆண்டே நாடு தழுவிய இயக்கம் ஒன்று தொடங்கியது. சாதாரணச் சண்டையையும் இந்தக் கொடுமையையும் ஓல்வேயஸ் பிரித்துக் காட்டினார்: துன்புறுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நடப்பது, இரு தரப்புக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு. மூன்றாவதைக் கவனியுங்கள். சம பலமுள்ள இருவர் மோதினால் அது சண்டை, அதில் திருப்பி அடிப்பதற்குப் பொருள் உண்டு. திருப்பி அடிக்க முடியாதவன் என்று தெரிந்த பிறகே ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், அவனிடம் போய் ‘திருப்பி அடி’ என்பதில் என்ன இருக்கிறது? தவிர, யாரை அடிப்பது? சோற்று டப்பாவை ஒளித்து வைத்தவன் ஒருவன், நோட்டில் படம் வரைந்து சுற்றுக்கு விட்டவன் இன்னொருவன், பட்டப்பெயர் வைத்தவன் யாரென்றே தெரியாது. வருகைப் பதிவின்போது அவன் ‘உள்ளேன் ஐயா’ என்றதும் பின் பெஞ்சிலிருந்து அதே குரலில் ஒரு நகல் எழும், வகுப்பு முழுக்கச் சிரிக்கும். நாற்பது பேர் சிரிப்பை எந்தக் கையால் அடிப்பது?

திருப்பி அடிப்பதற்கு ஆதரவான சாட்சியங்களில் வலுவானதையே எடுத்துக்கொள்வோம். 2011இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், பள்ளி வளாகத்தில் தன் முகத்தில் குத்திய பையனை ஒரு மாணவன் தூக்கித் தரையில் அடித்த காணொளி உலகமெங்கும் பரவியது. நீண்ட காலம் கேலிக்கு ஆளானவன் அவன். பார்த்தவர்கள் கொண்டாடினார்கள், அந்த உணர்வைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாணவன் தன்னை அடித்தவனைவிட உருவத்தில் பெரியவன். பலம் அவனிடம் முன்பே இருந்தது, பயன்படுத்தாமல் வைத்திருந்தான், அவ்வளவுதான். பள்ளி இருவரையுமே இடைநீக்கம் செய்தது. உருவமும் பலமும் இல்லாத பிள்ளைகளின் கதையை யாரும் படம் பிடித்துப் பரப்புவதில்லை. அமெரிக்காவில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. எதைச் செய்தபோது நிலைமை மேம்பட்டது, எதைச் செய்தபோது மோசமானது என்று பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்டார்கள். திருப்பி அடித்தது நிலைமையை மோசமாக்கிய வழிகளில் ஒன்றாக வந்தது. நண்பர்களிடமும் நம்பிக்கையான பெரியவரிடமும் சொன்னது ஓரளவு உதவியது. அடி வாங்கியும் அடித்தும் இரு பக்கமும் நிற்கும் பிள்ளைகளே வளர்ந்த பின் மனநோய்க்கு அதிகம் ஆளாகிறார்கள் என்று, நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளும் சொல்கின்றன.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். ‘வாத்தியாரிடம் சொன்னால் மட்டும் என்ன கிழித்துவிடுவார்கள்?’ இந்தக் கேள்விக்கு நாங்குநேரியில் நடந்ததை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்ற பிளஸ் டூ படிக்கும் தலித் மாணவர் ஒருவர், நடந்ததைப் பள்ளியில் புகாராகச் சொன்னார். அன்றிரவே வீடு புகுந்து அவரையும் அவருடைய தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் சிறுவர்கள். இதில் எதையும் மழுப்ப விரும்பவில்லை: அந்த மாணவர் பெரியவர்கள் சொன்ன முறையான வழியில்தான் போனார், அந்த வழி அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் இதைச் சொல்லி, ‘அதற்குத்தான் திருப்பி அடித்திருக்க வேண்டும்’ என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வாயால் சொன்னதற்கே அரிவாள் வந்தது என்றால், கையால் அடித்திருந்தால் என்ன வந்திருக்கும்? அங்கே தோற்றது புகார் சொன்ன பையனின் வழியல்ல. புகார் வந்த பிறகு சொன்னவனுக்கு என்ன ஆகும் என்று யோசிக்க ஒரு ஏற்பாடும் இல்லாமல் இருந்த அமைப்புதான் தோற்றது. அதன் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் நியமனம் முதலிய பரிந்துரைகள் அதில் உண்டு. கயிற்றுக்கான தடையைப் பற்றித்தான் நாம் அதிகம் சண்டை போட்டோம். நல அலுவலர் என்ன ஆனார் என்று கேட்டவர்கள் குறைவு. வெட்டுப்பட்ட மாணவர் பொதுத்தேர்வு எழுதி 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. ஒடுக்கப்பட்டவர்களிடம் அடங்கிப் போ என்று சொல்வது எப்போதும் ஒடுக்குகிறவர்களுக்கே வசதி. ‘திருப்பி அடி’ தமிழ்நாட்டில் விடுதலைச் சிறுத்தைகளின் முழக்கமாகவே ஒலித்த சொல். நூற்றாண்டுகளாகக் கைகட்டி நின்றவர்களை நிமிர வைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அந்த முழக்கத்துக்குப் பின்னால் ஒரு திரள் நிற்கிறது; கட்சி, வழக்கறிஞர், ஊர்வலம், தேர்தல் எல்லாம் நிற்கின்றன. கழிப்பறைச் சுவரோரம் நான்கு பேரால் மறிக்கப்பட்ட பதின்மூன்று வயதுப் பையனுக்குப் பின்னால் யாருமில்லை. கூட்டமாக நின்றவர்களின் சொல்லைத் தனியாக நிற்கும் குழந்தையிடம் கொடுத்து அனுப்புவது வீரத்தைக் கற்பிப்பதாகாது. நம் குற்றவியல் சட்டத்திலும் தற்காப்பு உரிமை உண்டு, ஆனால் அதற்கு வரம்பும் உண்டு. பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போது அந்த உரிமையைக் கோர முடியாது. அப்படி நாடினால் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் சட்டம் இதைச் சொல்கிறது. பள்ளிக் கொடுமையில் அவகாசத்துக்குப் பஞ்சமில்லை, ஒரு கல்வியாண்டு முழுக்க இருக்கிறது. கிடைக்க வேண்டிய பாதுகாப்புதான் இல்லை.

அப்படியானால் யார் அடக்குவது? கனடாவின் டொராண்டோவில் ஆய்வாளர்கள் பள்ளி மைதானத்தைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். கொடுமை நடந்த தருணங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். அவர்கள் தலையிட்டது 19 சதவீதத்தில் மட்டுமே. ஆனால் தலையிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. எனக்கு இந்த விவாதத்தின் அச்சாணி இதுதான். பாதிக்கப்பட்டவனின் கை மாதக்கணக்கில் சாதிக்க முடியாததைப் பக்கத்தில் நிற்பவனின் ‘டேய், விடுடா’ சில விநாடிகளில் செய்கிறது. ஏனென்றால் சீண்டுகிறவன் அடிப்பது ஒருவனை, காட்டுவது சுற்றி நிற்பவர்களுக்கு. பார்ப்பவர்கள் கைவிட்டால் ஆட்டம் செல்லாது. பின்லாந்து தன் பள்ளிகளுக்காக உருவாக்கிய ‘கிவா’ திட்டம் இந்தப் பார்வையாளர்களைப் பழக்குவதையே மையமாக வைத்தது. வேடிக்கை பார்க்கும் வகுப்பைப் பழக்குவது ஆசிரியர்களால் ஆகிற காரியம். ‘ரெண்டு பேரும் முட்டி போடுங்க’ என்று நியாயத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும் வழக்கம் உள்ளவரை அது நடக்காது.

பிள்ளை வந்து சொல்லும்போது பெற்றோர் செய்ய வேண்டியது அடிக்கக் கற்றுக்கொடுப்பதல்ல, பள்ளிக்குப் போவது. என்ன நடந்தது, எந்தத் தேதியில், யார் பார்த்தார்கள் என்று எழுத்தில் கொடுங்கள். கையெழுத்துப் போட்ட நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி அசையவில்லையென்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. தலைமையாசிரியர்களுக்கும் ஒன்று. ஒரு புகார் உங்கள் மேசைக்கு வந்த அன்று, குற்றம் சாட்டப்பட்டவனைக் கூப்பிட்டு விசாரிக்கும் முன், சொன்ன பிள்ளை அன்று மாலை யாருடன், எந்த வழியாக வீடு போய்ச் சேரும் என்பதை உறுதி செய்யுங்கள்.