குறிப்பறியும் குணம்



மதுரை மாநகரின் மேற்கே, தேனி செல்லும் சாலையும் புறவழிச் சாலையும் கூடுமிடம் காளவாசல். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைக்குக் காளவாசல் என்பது பெயர். எரிகின்ற சூளையினுள் எவரும் எட்டிப் பார்த்தல் இயலாது. புகையின் நிறத்தையும் தீயின் ஒளியையும் கொண்டே கைதேர்ந்த தொழிலாளி உள்ளிருக்கும் கல்லின் பதத்தை உணர்கிறான். மனித உள்ளமும் அத்தகையதே. உள்ளே வேகும் துயரம் வாய்ச்சொல்லாக வெளிவருதல் அரிது. முகத்திலும் கண்ணிலும் நடையிலும் அது புகையெனத் தோன்றும். அதனைக் கண்டு, நினைவிற்கொண்டு, ஆவன செய்தலே குறிப்பறிதல். இப்பெயரிலேயே வள்ளுவப் பெருந்தகை 71, 110 என இரண்டு அதிகாரங்கள் அமைத்திருப்பது இதன் பெருமையைக் காட்டும்.

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயமோ இக்குணத்தின்மீதே வளர்ந்தது எனலாம். 1017-ஆம் ஆண்டில் அவதரித்த எம்பெருமானார், ஆளவந்தாரை ஸேவிக்கும் ஆவலோடு திருவரங்கம் வந்தபோது, ஆளவந்தார் பரமபதித்து விட்டிருந்தார். அவருடைய சரம திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. "இவை எப்போதும் இப்படியோ?" என்று எம்பெருமானார் வினவினார். இல்லை என்றனர் சிஷ்யர்கள். அவ்விரல்களில் ஆசார்யரின் நிறைவேறாத திருவுள்ளத்தைக் கண்டு, பிரம்ம ஸூத்திரத்துக்கு உரை செய்வதுள்ளிட்ட மூன்று பிரதிஜ்ஞைகளை அவர் செய்யவே, விரல்கள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன என்பது குருபரம்பரை வரலாறு. ஸ்ரீபாஷ்யம் பிறந்தது இக்குறிப்பிலிருந்தே. இங்கு ஊன்றி நோக்கத்தக்கது அவர் கேட்ட கேள்வி. வழக்கம் எது என்று அறிந்தால்தான் மாறுதல் எது என்று விளங்கும். நினைவின்றிக் குறிப்பறிதல் இல்லை.

பின்னொரு நாள், உடையவர் வீடுதோறும் மாதுகரம் எடுத்து வருகையில், ஓர் இல்லத்து அம்மையார் கண்ணீர் பெருக அன்னமிட்டு, வழக்கத்துக்கு மாறாகத் திருவடிகளில் விழுந்தார். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசினால் கணவனைக் காட்டிக்கொடுத்ததாகும்; பேசாவிடில் மஹானின் உயிர் போகும். அவ்விரண்டுக்கும் நடுவே தவித்த நெஞ்சின் மொழி அக்கண்ணீர். அன்னத்தில் விஷம் கலந்திருப்பதை உடையவர் உணர்ந்தார், உண்ணாது விலக்கினார். அதுமுதல் அவர் உபவாஸம் இருப்பதைக் கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பி விரைந்து வந்தார். எதிர்கொண்டு சென்ற உடையவர் காவிரியின் சுடுமணலில் விழுந்து ஸேவித்தார். நம்பி, எழுந்திருக்கச் சொல்லாமல் நின்றார். அருகிருந்த கிடாம்பி ஆச்சான் பொறுக்கமாட்டாமல் உடையவரை வாரியெடுத்தார். "இத்திருமேனியில் பரிவுள்ளவர் இவரே" என்று தேர்ந்த நம்பி, திருமடைப்பள்ளிக் கைங்கர்யத்தை அவரிடமே ஒப்படைத்தார். ஒரு பெண்மணியின் கண்ணீரும் ஒரு சிஷ்யரின் பதைப்பும் ஸம்ப்ரதாயத்தைக் காத்தன.

ஆயினும் குறிப்பறிதல் ஐயப்படுதல் ஆகிவிடலாகாது. சரணம் என்று வந்த விபீஷணனைப் பார்த்துச் சுக்ரீவன் பகைவன் என்றான். அநுமனோ அவன் முகத்தெளிவையும் அஞ்சாத நிலையையும் கண்டு, ஏற்கத்தக்கவன் என்றான். காட்சி ஒன்றே, கருத்து இரண்டு. அவன் குற்றமுள்ளவனாயினும் கைவிடேன் என்றார் ஸ்ரீராமபிரான். குறிப்பறியும் அறிவுக்கு மேலே காருண்யம் நின்றால்தான் அது தர்மமாகும். பிறர் முகத்தில் கண்டதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், தனியே மெல்ல வினவிக் கேட்டறிதலே நன்று.

சித்ரா பெளர்ணமியில் அழகர் வைகையில் எழுந்தருளும்போது, எந்த நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்று லக்ஷோபலக்ஷம் கண்கள் நோக்குகின்றன. பச்சைப் பட்டென்றால் நாடு செழிக்கும் என்று மகிழ்கின்றனர். சென்ற ஆண்டின் நிறமும் பலருக்கு நினைவிருக்கும். அதே கூட்டத்தில் தோளோடு தோள் உரசி நிற்பவரின் முகவாட்டம் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? நாள்தோறும் ஸந்நிதியில் வாய்விட்டுப் பாசுரம் ஸேவிப்பவர் சில நாட்களாக மௌனமாய் நிற்கலாம். பிரஸாத வரிசையில் இருமுறை வந்து கைநீட்டும் முதியவரை ஆசைக்காரர் என்று கோஷ்டி நகைக்கலாம்; அவர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்திராமல் இருக்கலாம். விழா நாளிலும் புதுச்சேலையின்றித் தூணோரம் ஒதுங்கும் பெண், அழைத்தால் மட்டுமே முன்வருவாள்.

எம்பெருமான் அந்தர்யாமியாய் ஒவ்வோர் உள்ளத்திலும் எழுந்தருளியுள்ளான் என்பது நம் ஸித்தாந்தம். அர்ச்சையில் திருமுக மண்டலத்தை ஸேவிக்கும் கண்கள், அந்தர்யாமி உறையும் அடியார் முகத்தையும் ஒரு கணம் நோக்கட்டும். "நேற்றைப்போல் இன்று இல்லையே, என்ன வருத்தம்?" என்று ஒருவரைக் கேட்பதும் பாகவத கைங்கர்யமே.