ஜெபத்துக்கு முன்னால்

சாம்பல் புதன்

விடிகாலை ஐந்து மணிக்கு ஆராதனை. போன வருடத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பல் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் இருந்தது. எங்கள் பக்கம் குருத்தோலை என்றால் பனங்குருத்துதான். சாம்பலும் லேசு, மூச்சு பட்டால் பறந்துவிடும். நெற்றியில் சிலுவை இட வரிசையாக வந்தார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை. "எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் கிடையாது ஐயரே. துன்னூறு பூசுன மாதிரி இருக்கு" என்று பிறகு வாசலில் ஒருவர் சொன்னார். குருவானவரை இங்கே ஐயர் என்பதுதான் வழக்கம். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாகி இத்தனை காலம் ஆகியும் 'அது எஸ்.பி.ஜி. ஊர், இது சி.எம்.எஸ். ஊர்' என்று பழைய மிஷன் சங்கங்களின் பெயரால் பிரித்துச் சொல்லும் பழக்கம் இந்தச் சீமையில் போகவில்லை. முதலூரும் நாசரேத்தும் அந்தக் கணக்கு. மெய்ஞ்ஞானபுரம் இந்தக் கணக்கு. சடங்கு கூடினால் ஒருவருக்கு மனக்குறை, குறைந்தால் இன்னொருவருக்கு. நான் வற்புறுத்தவில்லை.

லெந்து நாட்களில் ஆளாளுக்கு ஒன்றை விடுகிறார்கள். கறி, மீன், காபி. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் செல்போனை விடப் போகிறார்களாம்; பார்ப்போம். நாற்பது நாள் என்கிறோம், உண்மையில் ஈஸ்டர் வரை 46 நாள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளை நோன்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் விட நினைத்திருப்பது ஒரு கேள்வியை. வீடு சந்திப்புக்குப் போன இடத்தில் "ஜெபம் பண்ணுவோமா?" என்று நானாக முதலில் கேட்பதில்லை.

மறுநாள்

காரணத்தை எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே மறந்துவிடும்.

போன மாதம் தேரி என்கிற செம்மணல் காட்டின் ஓரத்தில் ஓர் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கணவர் பனையேறி. காலமாகி ரொம்ப வருடம் ஆகிறது. ஒரே மகன் வளைகுடாவில் வேலை. மூன்று மாதமாக அவனிடமிருந்து போன் இல்லை. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு ஐந்து மணிக்கு அடுத்த சபையில் கூட்டம். கடிகாரத்தைப் பார்க்காமலே மணி பார்க்கும் வித்தை எல்லா குருவானவர்களுக்கும் தெரியும்.

"கடைசியா பேசும்போது கொரலே சரியில்ல ஐயரே. என்னமோ மறைக்கான்" என்றவர் நிறுத்தினார். வாசல் பக்கம் பார்த்தார். "ஐயரே, அந்த..." என்று தொடங்கினார்.

"ஜெபம் பண்ணுவோமா ஆச்சி?" என்றேன்.

சேலைத் தலைப்பு சட்டென்று தலைக்கு வந்தது. கண்ணை மூடிவிட்டார். ஜெபம் நன்றாகவே வந்தது. அந்நிய தேசத்தில் யோசேப்போடு இருந்தவரே என்று ஆரம்பித்து, தாயின் கண்ணீர்வரை போய் முடித்தேன். ஆமென் சொல்லும்போதே செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர்களில் ஐயர் ஜெபம் பண்ணினால் புறப்படுகிறார் என்று அர்த்தம். கண்டக்டர் விசில் மாதிரி. சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆமென் முடிந்ததும் என் பைபிளை எடுத்துக் கையில் தருவார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் பைக் ஆட ஆரம்பித்தது. பின் டயரில் உடைமுள். காற்று முழுக்க இறங்கிவிட்டது. செம்மணலில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். தூரத்தில் பனைகளுக்கு மேலே மெய்ஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடி கோபுரம் தெரிந்தது. கூட்டத்துக்கு எப்படியும் போக முடியாது என்று ஆன பிறகுதான் ஆச்சியின் முகம் மனதுக்குள் வந்தது. அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. மகன் வந்து நிற்பான் என்பதுபோல வாசலைப் பார்த்தாரே, அதற்குப் பிறகு என்ன சொல்ல இருந்தார்? கடவுளிடம் பேசுகிறேன் என்ற பெயரில் ஒரு தாயின் வாயை அடைத்துவிட்டேன். மணலில் சக்கரம் புதையப் புதைய இதையே நினைத்துக்கொண்டு போனேன்.

முதல் வாரம், சனி

நினைத்ததைவிடக் கஷ்டம். இன்று நான்கு வீடுகள். மூன்றாவது வீடு ஓய்வுபெற்ற வாத்தியார். பென்ஷன், கண் ஆபரேஷன், மருமகள் என்று முறையாகப் பேசி முடித்தார். பிறகு இருவரும் சும்மா இருந்தோம். மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது பெரிய ஆவிக்குரிய காரியம் என்று எனக்குள் ஒரு நினைப்பு. பத்து நிமிடம் கழித்து வாத்தியார் தொண்டையைச் செருமினார். "ஐயர் ஜெபம் பண்ணலாமே. எனக்கு மாத்திரை போடுற நேரம் ஆயிட்டு."

நாங்கள் போவதற்கு மட்டும் இல்லை, எங்களைப் போகச் சொல்வதற்கும் அவர்களுக்கு அதுதான் வழி. இது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

இரண்டாம் வாரம்

பக்கவாதத்தில் ஏழு வருடமாகப் படுத்திருக்கும் ஒரு அக்காள். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசையும். இங்கே "சொல்லட்டும், கேட்போம்" என்கிற என் விரதத்துக்கே இடமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே அணில் ஒன்று ஓடியதை இரண்டு பேரும் பார்த்தோம். திரும்பி வந்த அணிலையும் பார்த்தோம்.

டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான் இருந்தார். அந்த அறையிலிருந்து அவர் எழுதிய புத்தகங்களைப் பற்றித்தான் நாங்கள் பிரசங்கத்தில் சொல்வது வழக்கம். படுக்கையில் கிடந்தாலும் பயன்படலாம் என்பதற்கு உதாரணம். இன்று அப்படிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இந்த அக்காள் எதையும் எழுதப் போவதில்லை. யாருக்கும் உதாரணமாகவும் ஆகப் போவதில்லை. அம்மையார் தம் கல்லறையில் நினைவுக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியைத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். புத்தகங்களைவிட அந்தத் தொட்டியைத்தான் இன்று நினைத்துக்கொண்டேன்.

புறப்பட எழுந்தபோது இடது கை என் சட்டை நுனியைப் பிடித்தது. ஜெபத்துக்காகவா, இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்லியா? தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

மூன்றாம் வாரம், செவ்வாய்

நேற்று இரவு பத்தரைக்குத் துக்க மணி அடித்தது. இருபத்திரண்டு வயதுப் பையன். புறவழிச்சாலையில் லாரி.

பல வருடங்களுக்கு முன்னால், என் முதல் சேகரத்தில் இதேபோல ஒரு சாவு. வாய்க்கு வந்த முதல் வார்த்தை "கர்த்தருடைய சித்தம்" என்பதுதான். பிள்ளையின் அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். "உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டார். கோபமே இல்லாமல், தகவல் கேட்பதுபோலக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை ஏழெட்டு விதமாகத் திருத்தி இன்றுவரை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

யோபுவின் மூன்று சிநேகிதர்களைப் பிரசங்கத்தில் திட்டாத ஆள் கிடையாது. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். ஆனால் அவர்கள் தூர தேசத்திலிருந்து வந்து, யோபுவோடு தரையில் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் சாவு வீட்டில் ஏழு நிமிடம் பேசாமல் இருப்பது கிடையாது. எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள், கெட்டது. அந்தப் புத்தகம் மொத்தம் 42 அதிகாரம். அவர்கள் மௌனமாக இருந்ததற்கு ஒரே ஒரு வசனம், பேசியதற்கும் பதிலுக்கும் இருபதுக்கு மேல் அதிகாரம்.

இரவு முழுவதும் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். விடியும்போது பையனின் சித்தப்பா கடுங்காப்பி கொண்டுவந்து தந்தார். "ஐயர் வீட்டுக்குப் போகலியா?" என்று மட்டும் கேட்டார். அடக்க ஆராதனைக்கு எல்லாம் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். எழுதி வைத்தவர்கள் புத்திசாலிகள். நாக்கு எழாத நாளில் பிறருடைய வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டம்வரை நடந்துவிடலாம். அடக்கப் பதிவேட்டில் வயது என்ற கட்டத்தில் 22 என்று எழுதும்போதுதான் பேனா நின்றது.

நான்காம் ஞாயிறு

கைப்பிடி அரிசி. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இந்த வழக்கம் உண்டு. இங்கே இப்போது பாதி வீடுகளில் ரேஷன் அரிசி. பானைக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா. ஆராதனை முடிந்து ஏலம். ஒரு சேவல், முருங்கைக்காய்க் கட்டு, இந்தப் பருவத்தின் முதல் கருப்பட்டி. சேவலைப் போட்டி போட்டு ஏற்றி விலைக்கு மேல் விலை வைத்து வாங்கியவர், சபைக் கூட்டத்தில் பெயின்ட் செலவுக்குச் சண்டை போட்ட அதே அண்ணாச்சி.

பெரிய வியாழன்

கெத்செமனேயில் இயேசு கேட்டது ஒரு மணி நேரம். விழித்திருங்கள், அவ்வளவுதான். ஆறுதல் சொல்லச் சொல்லவில்லை. சீஷர்களுக்கும் அவருக்கும் நடுவில் கல்லெறி தூரம் என்று லூக்கா அளந்து சொல்கிறார். தேரியில் ஆடு மேய்க்கும் பையன் எறிந்தால் அது கொஞ்ச தூரம்தான். கூப்பிட்டால் கேட்கும்.

இன்று இரவு விழித்திருந்து ஜெபிக்க வந்தவர்கள் பதினோரு பேர். மூன்றாவது பெஞ்சில் நான் தூங்கிப்போனேன். கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டி எழுப்பினார்.

பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை மும்மணித் தியானம். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர். 1687இல் பெருவின் லீமா நகரை நிலநடுக்கம் குலைத்துப் போட்ட பிறகு அங்கே இயேசு சபைப் பாதிரியார் ஒருவர் தொடங்கிய வழக்கம் இது என்பார்கள். அங்கே இடிந்த சுவர்களுக்கு நடுவில் ஆரம்பித்தது இங்கே பனங்காட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது, ஷாமியானா, மைக்செட், நீர்மோர் சகிதமாக.

எனக்கு நான்காம் வார்த்தை, 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற வார்த்தை. ஆளுக்கு இருபது நிமிடம் என்று பேச்சு. முதல் மூவர் முப்பது எடுத்துக்கொண்டார்கள். மேடையில் காத்திருந்தபோது சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு வார்த்தைகளையும் நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாது. மீதி நேரமெல்லாம் அவர் பேசவில்லை. அந்த மீதி நேரத்தைத்தான் நாங்கள் ஏழு பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் முறை வந்தது. எட்டு நிமிடத்தில் முடித்து உட்கார்ந்தேன். சேகரச் செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஐயர் தயாரிக்காமல் வந்துவிட்டார் என்று நினைத்திருப்பார். பாதி உண்மை.

ஈஸ்டர் திங்கள்

சாயங்காலம் ஆச்சி வீடு. லெந்து முழுவதும் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். அந்த வாக்கியத்தின் மீதியைக் கேட்கப் பயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் கருப்பட்டி காய்ச்சும் விடிலியில் கூப்பனி கொதிக்கும் வாசனை தெருவரைக்கும் வந்தது. பனை ஏற ஆள் குறைந்துபோன இந்தக் காலத்தில் அந்த வாசனை வருவதே பெரிய காரியம். ஆச்சி சிரட்டைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். திண்ணையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து, "ஆச்சி, அன்னைக்கு மகனைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தியளே. வாசலைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பிச்சிய. நான் ஜெபம் பண்ணிட்டேன்" என்றேன்.

ஆச்சி யோசித்தார். பிறகு சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதுவா! ஒங்க வண்டி பின் டயர்ல முள்ளு ஏறிக் கெடந்துச்சி. காத்து எறங்குதுன்னு சொல்ல வாயத் தொறந்தேன். நீங்க ஜெபத்த ஆரம்பிச்சிட்டிய. ஜெபம் முடிஞ்சதும் மறந்துட்டேன். போய்ச் சேந்தியளா?"

நாற்பத்தாறு நாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அது அடங்கிய பிறகு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கவிழ்த்த சிரட்டைகள் தெரியாத அளவுக்கு இருட்டும்வரை சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

புறப்படும்போது இரண்டு டயரையும் அழுத்திப் பார்த்துக்கொண்டேன். ஆச்சி வாசலில் நின்று டார்ச் அடித்தார். குருமனைக்கு வந்து கை கால் கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது, ஜெபம் பண்ணவில்லை. அவரும் கேட்கவில்லை.