எவ்வளவு வெளிச்சம் போதும்?

பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு மறையுரை



வாசக மேடைக்குப் பக்கத்தில் இந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியை வைத்ததிலிருந்து முன்வரிசைப் பிள்ளைகளின் கண் அதன்மேலேயே இருக்கிறது. செல்போன் சார்ஜர் இல்லை, பிள்ளைகளே. ஃபிலிம் கேமராவின் தலையில் மாட்டுகிற ஃபிளாஷ் இது. நம் பங்கில் முன்பு ஸ்டூடியோ நடத்தியவர் கொடுத்தார். உங்களில் சிலருடைய திருமண ஆல்பம் இதன் வெளிச்சத்தில் எடுத்ததாகவே இருக்கும். பெயர் ஒலிம்பஸ் டி20. உள்ளங்கையில் அடங்கிவிடும், இரண்டு பென்சில் பேட்டரி போதும். சுவிட்சைத் தள்ளினால் உள்ளேயிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று கிளம்பி உச்சத்துக்குப் போகும். சில நொடியில் பின்பக்கம் சிறு விளக்கு எரியும். சார்ஜ் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

நற்செய்தியில் இயேசு மலைமேல் அமர்ந்து, தம் சீடர்களை உலகத்துக்கே ஒளி என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் வலையைப் போட்டுவிட்டு வந்த மீனவர்கள் அவர்கள். படித்தவர்கள் இல்லை, பெயர் பெற்றவர்களும் இல்லை. அவர்களிடம் எந்த நிபந்தனையும் வைக்காமல் சொன்னார். இதைக் கேட்டதும் நம் மனம் எங்கே போகிறது? எவ்வளவுக்கு எவ்வளவு வெளிச்சம் வீசுகிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்ல கிறிஸ்தவர் என்று நினைத்துக்கொள்கிறோம். நிறையப் பேச வேண்டும், நிறையப் பேரைத் திருத்த வேண்டும், கண்ட இடத்திலெல்லாம் புத்தி சொல்ல வேண்டும் என்று கிளம்பிவிடுகிறோம். இந்தப் பழைய ஃபிளாஷ் அப்படிச் செய்வதில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் மெஷின் கதை வரும், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் ஃபிளாஷுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இருப்பதை முழுக்கக் கொட்டுவது. அரை அடியில் நிற்பவருக்கும் பத்து அடியில் நிற்பவருக்கும் ஒரே வெடிப்பு. ஆனால் வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் போய்ச் சேருவது பாதியாகக் குறையாது, கால் பங்காகிவிடும். பழைய குரூப் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவின் முகத்தில் மாவு அப்பியதுபோல வெள்ளை. பின்னால் நிற்கும் மாமாக்கள் இருட்டில். அதனால் போட்டோகிராபர் ஒவ்வொரு படத்துக்கும் தூரத்தைக் கண்ணால் அளந்து, மனக்கணக்குப் போட்டு, லென்சின் திறப்பை மாற்ற வேண்டும். இந்த டி20-இன் பலம் 20 என்று குறித்திருக்கிறார்கள். 100 ஐஎஸ்ஓ ஃபிலிமில் 5 மீட்டர் தூரத்து ஆளுக்கு 20ஐ 5ஆல் வகுத்து, திறப்பை 4இல் வைக்க வேண்டும். மணமக்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். கணக்கும் மாறிக்கொண்டே இருக்கும்.

1975இல் ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் ஓஎம்-2 என்றொரு எஸ்எல்ஆர் கேமராவை வெளியிட்டது. யோஷிஹிசா மைத்தானி என்ற வடிவமைப்பாளரின் குழு செய்தது. அதன் உள்ளே, கண்ணாடி இருக்கும் அறையின் அடியில், ஒளியை உணரும் செல்களை ஃபிலிமைப் பார்த்தபடி பொருத்தினார்கள். ஃபிளாஷ் மின்னுகிறது, வெளிச்சம் எதிரே உள்ள முகத்தில் பட்டு, லென்ஸ் வழியாகத் திரும்பி வந்து ஃபிலிமில் விழுகிறது. ஃபிலிமில் பட்டுத் தெறிப்பதை அந்தச் செல் அங்கேயே அளக்கிறது. போதுமானது விழுந்த கணத்தில் கேமரா ஃபிளாஷை நிறுத்திவிடும். இத்தனையும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள், ஆள் அருகே நின்றால் அதைவிட எத்தனையோ மடங்கு குறைந்த நேரத்துக்குள், முடிந்துவிடுகிறது. டி20 அந்தக் குடும்பத்தில் பிறகு வந்த பிள்ளை.

இதன் அடிப்பாகத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய உலோகப் புள்ளி இருக்கிறது. மின்னு என்ற கட்டளை அதன் வழியாக வரும். அருகில் இருக்கும் சின்னப் புள்ளிகள் வழியாகத்தான் சார்ஜ் ஏறியதா, வெளிச்சம் போதுமா என்ற பேச்சு நடக்கிறது. வேறொரு நிறுவனத்தின் கேமராவில் இதைச் செருகினாலும் உள்ளே போகும், மின்னவும் மின்னும். ஆனால் இந்தச் சின்னப் புள்ளிகள் அந்தக் கேமராவின் புள்ளிகளோடு சேராது. கேமராவின் சொல்லுக்குக் காத்திருக்கும் நிலையில் ஃபிளாஷை வைத்திருந்தால், போதும் என்று சொல்ல ஆளில்லாததால் இருப்பதையெல்லாம் கொட்டிவிடும்.

இதில் என்னை நிறுத்தியது ஒரு சிறு விஷயம். ஃபிளாஷ் எவ்வளவு கொடுத்தது என்று ஓஎம்-2 கேமரா அளக்கவே இல்லை. ஃபிலிமுக்கு எவ்வளவு கிடைத்தது என்றுதான் அளக்கிறது.

இரண்டாம் வாசகத்தில் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்: நான் உங்களிடம் வந்தபோது பேச்சுத்திறமையோடு வரவில்லை, வலுவில்லாதவனாக, அஞ்சி நடுங்கிக்கொண்டு வந்தேன் என்ற பொருளில். பவுலுக்குப் பேச வராதா? கமாலியேலிடம் படித்தவர். கொரிந்துக்கு வருவதற்குச் சற்று முன்புதான் ஏதென்ஸில் தத்துவ அறிஞர்கள் நடுவே நின்று பேசிவிட்டு வந்திருக்கிறார். சிலர் நம்பினார்கள், சிலர் கேலி செய்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. அந்த மனிதர் ஏன் கொரிந்தில் அடக்கி வாசித்தார்? வெறும் தாழ்மை என்று சொல்லி நாம் கடந்துபோகிறோம். இதே கடிதத்தில் அடுத்த அதிகாரத்தைப் புரட்டுங்கள். திட உணவை உங்களால் இன்னும் தாங்க முடியாது என்பதால் பால்தான் கொடுத்தேன் என்ற கருத்தில் அவரே எழுதுகிறார். தாழ்மையோடு அவரிடம் அளவும் இருந்தது. தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. கேட்பவருக்குள் எவ்வளவு போய்ச் சேருகிறது என்றே பார்த்தார்.

நம் வீடுகளுக்கு வருவோம். பிளஸ் டூவில் மதிப்பெண் குறைந்துவிட்டது. பையன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். அப்பா சொல்லப்போவதெல்லாம் உண்மைதான். படித்திருக்க வேண்டும், போனைத் தொட்டிருக்கக் கூடாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்தாவது திருந்தியிருக்க வேண்டும். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அவன் நிற்பது அரை அடி தூரத்தில், அப்பா வீசுவது முழுப் பலத்தில். வெளிச்சம் கூடிப்போன படத்தில் கண், மூக்கு, வாய் எதுவும் மிஞ்சுவதில்லை.

துக்க வீட்டுக்குப் போகிறோம். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம், கடவுளுக்குப் பிடித்தவர்களை அவர் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இது மறைக்கல்வியில் கற்றுக்கொடுத்த வாக்கியம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயிர்ப்பைப் பற்றிய உண்மையான வாக்கியமாக இருந்தாலும், அந்தத் தாய் அழுது முடிக்குமுன் சொன்னால் அது அவருக்குள் பதியாது. சாமியார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் அடக்கப் பூசை மறையுரைகளின் நீளத்தைப் பற்றி வாசலில் நீங்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழத்தான் செய்கிறது.

பெரியவர்களுக்கு இன்னொன்று. சில பழைய ஃபிளாஷ்களை இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்டவே கூடாது. அடிப்புள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேல் வரும் மாடல்கள் உண்டு. அந்தக் காலத்துக் கேமரா அதைத் தாங்கியது. இப்போதைய கேமராவின் உள்ளே இருக்கும் மெல்லிய சர்க்யூட் எரிந்துபோகும். இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு சிறு கருவியைப் போட்டால் அதே ஃபிளாஷ் அதே வெளிச்சத்தைத் தரும். எங்கள் காலத்தில் முழங்காலில் நின்றே செபமாலை முழுவதும் சொல்வோம் என்று பேத்தியிடம் ஆரம்பிக்கும்போது, தாத்தா பாட்டிகள் இதை நினைத்துக்கொண்டால் நல்லது.

அளந்து பார்ப்பவரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நம் மணமகள்கள் வெள்ளைச் சேலையும் வெள்ளை முக்காடுமாக வருவார்கள். அந்த வெள்ளையில் பட்டு வெளிச்சம் அள்ளிக்கொண்டு திரும்பிவரும். கேமரா அதைப் பார்த்து, போதும் போதும் என்று சீக்கிரமே நிறுத்திவிடும். சேலை சாம்பல் நிறமாகும், முகம் கறுத்துப்போகும். அனுபவப்பட்ட போட்டோகிராபர் வெள்ளைச் சேலையைக் கண்டதும் திருகை ஒரு படி கூட்டி வைத்துக்கொள்வார். நம் பங்கிலும் அப்படிப் பளிச்சென்று இருக்கிறவர்கள் உண்டு. முதல் பூசைக்குத் தவறாமல் வருவார்கள், பாடகர் குழுவில் பாடுவார்கள், எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார்கள். அவர்களுக்கு என்ன குறை என்று நாம் விசாரிப்பதே இல்லை. கடைசியாக நம் அன்பியத்தில் யாராவது அப்படிப்பட்ட ஒருவரிடம், உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டிருக்கிறோமா?

நான் ஒளியை அடக்கி வைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விளக்கை ஏற்றி மரக்காலால் மூடுகிறவர் யாருமில்லை என்கிறார் ஆண்டவர். மூடி வைத்தால் எண்ணெயாவது மிச்சமாகும் என்று நமக்குத் தோன்றலாம். இந்த ஃபிளாஷ் என் கைக்கு வந்தபோது பல வருடம் அலமாரியில் கிடந்திருந்தது. பேட்டரியைக் கழற்றாமலே வைத்திருந்தார்கள். அது கசிந்து, பித்தளைத் தகட்டில் வெள்ளையும் பச்சையுமாகப் பொரிந்து கிடந்தது. பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் என்ற உறுப்பு இருக்கிறது. வெகுநாள் மின்சாரமே ஏறாமல் கிடந்தால் அதற்குள் இருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலம் நலிந்துபோகும். வேலை செய்தால் அந்தப் படலம் தேறும், சும்மா கிடந்தால் கெடும். மறுபடி உயிர் கொடுக்க அவசரப்படக் கூடாது. புது பேட்டரி போட்டு, சார்ஜ் ஏற்றி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, பிறகு மின்னவைத்து, திரும்ப ஏற்றி, இப்படிப் பலமுறை. முதலில் விளக்கு எரியவே வெகுநேரமாகும், பிறகு நேரம் குறையும். (சிறுவர்களே, இதை யாரும் திருகு கழற்றித் திறக்கக் கூடாது. பேட்டரி எடுத்த பிறகும் 300 வோல்ட் அளவுக்கு உள்ளே தங்கியிருக்கும்.) மனிதருக்கும் அதே பொறுமை வேண்டும். பல வருடம் கழித்து ஒருவர் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து மண்டியிட்டால், இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்பது குருவின் வேலை இல்லை. கோயில் வாசலில் நிற்கும் உங்கள் வேலையும் இல்லை.

முதல் வாசகத்துக்கு இப்போதுதான் வருகிறேன். எசாயா நூலில் வரும் மக்கள் நோன்பிருந்தார்கள். நாங்கள் நோன்பிருப்பதைக் கடவுள் கண்டுகொள்ளவில்லையே என்று குறைப்பட்டார்கள். இறைவாக்கினர் சொன்ன பதில் நேரடியானது. பசித்தவரோடு உணவைப் பகிர், வீடற்றவரை வீட்டில் சேர், உடையற்றவருக்கு உடை கொடு. அப்போது உன் ஒளி விடியலைப் போலக் கிளம்பும் என்ற கருத்தில் பேசுகிறார். அதே மூச்சில், அடுத்தவரைச் சுட்டும் விரலையும் மடக்கச் சொல்கிறார்.

நாம் உணவைப் பகிர்கிறோம். பகிரும்போது போட்டோவும் எடுக்கிறோம். அரிசிப் பையை ஒரு முனையில் ஐந்து பேர் பிடித்திருப்பார்கள், மறுமுனையில் அதை வாங்கும் பாட்டி. எல்லோரும் கேமராவைப் பார்க்க, பாட்டி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனிதர் நம் நற்செயலைக் கண்டு வானகத் தந்தையைப் போற்ற வேண்டும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே, சாமி, என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. சொல்லியிருக்கிறார். அதே மலைப்பொழிவில், மக்கள் பார்க்க வேண்டுமென்று அறம் செய்யாதே, தர்மம் கொடுக்கும்போது எக்காளம் ஊதாதே என்றும் எச்சரித்திருக்கிறார். இரண்டும் முரணா? போட்டோகிராபரைக் கேளுங்கள். நல்ல படத்தில் எதிரே இருக்கும் முகம் தெரியும், ஃபிளாஷ் எங்குமே தெரியாது. பின்னால் கண்ணாடி போட்ட மாதா படமோ பீரோவோ இருந்து அதில் ஃபிளாஷே விழுந்துவிட்டால் அந்தப் படத்தைக் கழித்துவிடுவார்கள். ஆண்டவர் காணச் சொன்னது செயலை, போற்றச் சொன்னது தந்தையை. வின்சென்ட் தே பவுல் சபையாரோடு பேசிவிட்டேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். இந்த மாதத்திலிருந்து உதவி வழங்கும்போது நம் பங்கில் படம் எடுப்பதில்லை. கணக்கு மட்டும் நோட்டில் இருக்கும்.

(திருமணப் பூசைக்கு வரும் போட்டோகிராபர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எழுந்தேற்ற நேரத்தில் ஃபிளாஷ் வேண்டாம். வீட்டார் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.)

வரும் புதன்கிழமை, 11ஆம் தேதி, லூர்து அன்னை திருநாள். புனித இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்தி, 1993 முதல் திருச்சபை கொண்டாடிவரும் உலக நோயாளர் நாளும் அன்றுதான். நம் பங்கில் படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல் மரியாயின் சேனை சகோதரிகளிடம் இருக்கிறது. இருவர் இருவராகப் போவோம். போனதும் செபப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள். செபம் சொல்லட்டுமா என்று கேட்டு, சரி என்றால் சொல்லுங்கள். களைப்பாக இருந்தால் ஒரு அருள் நிறைந்த மரியே போதும். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாமல், வந்துபோனதை வீட்டாரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். எந்த மருந்து நல்லது, எந்த ஆஸ்பத்திரி நல்லது என்ற யோசனைகளை வாசலிலேயே விட்டுவிடுங்கள். நற்கருணை வேண்டும் என்று கேட்பவர்களின் பெயரை எழுதி மாலைக்குள் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். வியாழன் காலைப் பூசை முடிந்ததும் நான் அந்த வீடுகளுக்குக் கிளம்புகிறேன்.